வாசகர் கேள்வி பதில்: நஞ்சேறிய மண்ணில் சிற்றுயிர்கள் என்ன செய்கின்றன?

மண்புழுவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி வந்தன. மண்ணில் சேரும் மருந்தும் உப்பும் உலோகமும் புழுவைக் கொல்லாமல் விட்டாலும் அதன் போக்கை மாற்றிவிடுமா என்பதே அந்தக் கவலை. அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: வாழையில் கூன்வண்டைக் கட்டுப்படுத்தக் கார்போபியூரான் குருணையைக் கிழங்கைச் சுற்றி இட்டு நீர் பாய்ச்சினேன். சற்று நேரத்தில் உச்சி வெயிலிலேயே மண்புழுக்கள் மேலே வந்து நெளிந்தன. மைனாக்களும் கொக்குகளும் கூடிவிட்டன. மருந்தின் வாடை பிடிக்காமல் தப்பி வந்தனவா, நஞ்சேறி வந்தனவா?
*விவசாயி, கோபிசெட்டிபாளையம்*

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் நஞ்சேறி வந்தவை என்றுதான் கொள்ள வேண்டும். மண்புழுவின் உடலில் இரண்டு வகைத் தசைகள் உள்ளன. உடலைச் சுற்றிலும் வளையமாக ஓடும் தசை இறுகினால் புழு மெலிந்து நீள்கிறது. நீளவாக்கில் ஓடும் தசை இறுகினால் குறுகித் தடிக்கிறது. இவ்விரண்டும் மாறி மாறி இறுகித் தளர்வதால்தான், தன் உடலின் நுண்முட்களை மண்ணில் ஊன்றி அது துளைத்துச் செல்ல முடிகிறது. ஒரு தசையை இறுக்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை, வேலை முடிந்த கணத்திலேயே சிதைத்து அகற்றுவதற்கு நரம்பு முனைகளில் ஒரு நொதி இருக்கிறது. கார்போபியூரான் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. இறுகச் சொன்ன கட்டளை நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்க, இரு தசைகளும் ஒருசேர இறுகி, புழு சுருண்டு முறுக்கிக்கொள்கிறது, உடலில் ஆங்காங்கே புடைப்புகள் தோன்றுகின்றன, மீண்டும் மண்ணுக்குள் நுழையும் திறனையும் அது இழந்துவிடுகிறது.

பெருமழைக்குப் பிறகு மேலே வரும் புழுவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மழைப்புழு ஏதோ ஒரு திசை நோக்கி ஊர்ந்து செல்லும்; தொட்டால் வெடுக்கென்று சுருங்கும்; நிழலான ஈரமண் கிடைத்ததும் உள்ளே போய்விடும். நஞ்சேறிய புழு இருந்த இடத்திலேயே புரளும். உச்சி வெயிலில் கிடப்பதே அது தன்வசத்தில் இல்லை என்பதற்குச் சான்று, ஏனென்றால் தோலால் மூச்சுவிடும் ஓர் உயிர் தானாக விரும்பி வெயிலுக்கு வராது.

பறவைகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. நஞ்சேறிய புழு எளிதில் கண்ணில் படும், எளிதில் பிடிபடும், வயிற்றில் மருந்தையும் சுமந்து செல்லும். குருணைகளைப் பறவைகளே இரையென்று பொறுக்கித் தின்று இறந்ததால்தான் அமெரிக்காவில் 1990களில் கார்போபியூரான் குருணையின் பயன்பாடு படிப்படியாக நிறுத்தப்பட்டது. இனி இப்படி நேர்ந்தால், மேலே வந்த புழுக்களைக் கையுறை அணிந்து பொறுக்கி ஆழமான குழியில் மூடிவிடுங்கள். கோழிகளைச் சில நாள்கள் அந்தப் பக்கம் விடாதீர்கள். கூன்வண்டைப் பிடிக்க, ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி நீளவாக்கில் பிளந்த வாழைத்தண்டுகளை வெட்டுப்பக்கம் மண்ணில் படும்படி ஆங்காங்கே கவிழ்த்து வைத்து, அடியில் சேரும் வண்டுகளை அழிக்கும் பழைய பொறிமுறை இன்றும் பயன் தருகிறது. புழுக்கள் அதனால் துன்பப்படுவதில்லை.

கேள்வி: தீங்கான மண் எது என்று மண்புழுவுக்குத் தெரியுமா? ஆய்வுக்கூட வசதி இல்லாமல் அதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?
*விலங்கியல் முதுகலை மாணவி, திருச்சி*

பெரும்பாலான நேரங்களில் தெரியும். புழுவின் வாய்க்கு மேலே சிறு உதடுபோல ஒரு மடிப்பு நீண்டிருக்கும். அந்த மடிப்பிலும் உடலின் தோல் முழுவதிலும் வேதிப்பொருள்களை உணரும் செல்கள் இருக்கின்றன. நல்ல மண்ணும், மயில்துத்தம் என்னும் செம்பு உப்பு கலந்த மண்ணும் சேரும் எல்லையில் ஒரு புழுவை விட்டு, நேரம் ஒதுக்கிப் பொறுமையாகப் பாருங்கள். உதடு மண்ணைத் தொடும், பின்வாங்கும், சற்றுத் தள்ளி மறுபடி தொடும், தலையை இடவலமாக ஆட்டும். பிறகு உடல் முழுவதும் ஒரு முடிவுக்கு வந்ததுபோல நல்ல மண்ணின் பக்கம் திரும்பிவிடும். கையில் கைக்கடிகாரத்துடன் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில்தான் புழு என்னும் சொல்லை இழிவுப் பொருளில் பயன்படுத்துவதை நான் விட்டேன்.

இந்த இயல்பே ஒரு சோதனை முறையாக வளர்ந்திருக்கிறது. மண்புழுக்களுக்கான விலகல் சோதனையைப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 2008இல் 17512 என்ற எண்ணில் நெறிமுறையாக வெளியிட்டது. ஒரு தொட்டியின் நடுவே தடுப்பு வைத்து, ஒரு பக்கம் தூய மண்ணையும் மறுபக்கம் சோதிக்க வேண்டிய மண்ணையும் நிரப்பி, தடுப்பை எடுத்த கோட்டில் பத்துப் புழுக்களை விட வேண்டும். 48 மணி நேரம் கழித்துத் தடுப்பை மீண்டும் செருகி இருபுறமும் எண்ண வேண்டும். எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட புழுக்கள் தூய மண்ணில் இருந்தால், சோதித்த மண் வாழிடமாக இருக்கும் தகுதியை இழந்துவருகிறது என்று பொருள். இதற்கு முன்பு, 1984இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்த முறையில், புழுக்களை நஞ்சு கலந்த மண்ணில் 14 நாள்கள் வைத்து எத்தனை இறந்தன என்று மட்டுமே எண்ணினார்கள். செம்பு போன்ற பொருள்களில், சாகடிக்கும் அளவுக்கு வெகு கீழேயே புழுக்கள் விலகத் தொடங்கிவிடுகின்றன. சாவை மட்டும் எண்ணினால் அந்த எச்சரிக்கை நம் கண்ணில் படாமலே போகும்.

வீட்டில் செய்ய ஓர் அகலமான பிளாஸ்டிக் டப்பாவும் அட்டைத் தடுப்பும் போதும். ஆனால் இரு பக்க மண்ணும் ஒரே வகையாகவும், ஒரே ஈரத்துடனும், ஒரே அளவு மக்கிய எருவுடனும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் செம்மண்ணும் மறுபக்கம் கரிசலும் வைத்தால், புழு எதற்காக இடம் மாறியது என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒரே தூய மண்ணை நிரப்பிய ஒரு டப்பாவையும் உடன் வையுங்கள். அதில் புழுக்கள் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்திருந்தால்தான் மற்றதன் முடிவை நம்பலாம்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடமும் உண்டு. புழு விலகிப் போக வேண்டுமானால் நரம்பும் தசையும் நன்றாக இருக்க வேண்டும். குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் கலந்த மண்ணிலிருந்து சில ஆய்வுகளில் புழுக்கள் விலகவே இல்லை. ஆனால் அவற்றின் உடலில் நான் மேலே சொன்ன நொதி முடங்கியிருந்தது. ஆகவே புழு அங்கேயே இருக்கிறது என்பதால் மண் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் ஈவான் கப்போவியெசும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள் இந்த இடத்தில் பெரிதும் உதவுகின்றன. நெருக்கமாக நிறுத்திய இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மண்ணை மெல்லிய அடுக்காக நிரப்பி, புழு தோண்டும் வளை ஒவ்வொன்றையும் வெளியிலிருந்தே வரைந்தெடுத்தார்கள். இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த மண்ணில் புழுக்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் வளைகள் குறுகின, தோண்டும் வேகம் குறைந்தது, வெளியேற்றும் மண்ணும் குறைந்தது. வயலைப் பொறுத்தவரை, தோண்டாத புழு இருந்தும் இல்லாததுதான். மழைநீர் இறங்கவும் வேர் மூச்சுவிடவும் வழியமைப்பது அந்த வளைகளே.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் தாத்தா காலத்திலிருந்து போர்டோ கலவை தெளித்து வருகிறோம். மரத்தடியில் சருகு மக்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?
*தோட்ட உரிமையாளர், ஏற்காடு*

தொடர்பு இருக்க நல்ல காரணம் உண்டு. பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மில்லார்டே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த இந்தக் கலவையை 1885இல் உலகுக்கு அறிவித்தார். பூசணத்தை அடக்குவதில் இதன் பயனை எவரும் மறுக்க முடியாது. ஆனால் செம்பு ஒரு தனிமம்; மற்ற மருந்துகளைப்போல வெயிலிலோ நுண்ணுயிர்களாலோ சிதைந்து மறைவதில்லை. மண்ணின் மக்குப் பொருளோடு இறுகப் பற்றிக்கொள்வதால் மழையோடு ஆழத்துக்கும் இறங்குவதில்லை. மேல் மண்ணின் சில அங்குலத்திலேயே ஆண்டுக்கு ஆண்டு சேர்கிறது. சருகைத் தின்று வாழும் புழுவும் மரவட்டையும் நுண்பூச்சிகளும் குடியிருப்பது அதே சில அங்குலத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விழுக்காட்டுக் கலவையில் 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் சேர்க்கிறோம். மயில்துத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செம்பு, அதாவது 250 கிராம். ஒரு ஹெக்டேருக்கு 1,000 லிட்டர் வீதம் ஆண்டுக்கு இருமுறை தெளித்தால் ஐந்து கிலோ செம்பு மண்ணுக்கு வந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ, அதாவது சராசரியாக ஆண்டுக்கு நான்கு கிலோ என்று வரம்பு கட்டியிருக்கிறது.

சருகு மக்காமல் தேங்குவது பிற நாடுகளிலும் கண்ட காட்சிதான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஏவன்மவுத் என்னும் ஊரில் 2003 வரை இயங்கிய துத்தநாக உருக்காலையின் புகை படிந்த காடுகளில், துத்தநாகமும் ஈயமும் காட்மியமும் மண்ணில் ஏறி, ஆலையை நெருங்க நெருங்கப் புழுக்கள் குறைந்து, சருகு தடித்த மெத்தைபோலக் கிடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்நாட்டின் ஆப்பிள் தோட்டங்களில் பெனோமில் என்னும் பூசணக்கொல்லி தெளித்தபோதும் இதுவே நடந்தது. அங்குள்ள பெரிய மண்புழு, இரவில் மேலே வந்து, இலையை நுனியால் பற்றித் தன் வளைக்குள் இழுத்துச் செல்லும் வழக்கமுடையது. டார்வின் 1881இல் வெளியிட்ட நூலில் இதைத் தன் தோட்டத்தில் கண்டு விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் புழுக்கள் குறைந்ததும் இலைகளை இழுக்க ஆளில்லாமல் போயிற்று.

எல்லா உயிரும் ஒரே மாதிரி தோற்றுப்போவதில்லை. ஸ்பிரிங்டெயில் எனப்படும் துள்ளும் நுண்பூச்சிகள் வாழ்நாள் முழுவதும் சட்டை உரித்துக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் குடலின் உட்படலத்தையும் சேர்த்தே உதறிவிடுவதால், அதில் தேங்கிய உலோகமும் உடன் வெளியேறுகிறது. சுரங்கக் கழிவு சேர்ந்த இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஒர்கெசெல்லா சிங்க்டா என்னும் இனத்தில் இத்திறன் கூடியிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். அதை நம்பி நாம் செம்பைக் கொட்டிக்கொண்டிருக்க முடியாது. மண் ஆய்வுக்குக் கொடுக்கும்போது செம்பின் அளவையும் கேட்டு வாங்குங்கள். மேல் நான்கு அங்குல மண்ணையும் ஓர் அடிக்குக் கீழே உள்ள மண்ணையும் தனித்தனியாகக் கொடுத்தால் தேக்கம் எங்கே என்பது தெளிவாகத் தெரியும்.

கேள்வி: மாடித் தோட்டத் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றியதும் எள்ளைவிடச் சிறிய வெள்ளைப் பூச்சிகள் துள்ளுகின்றன. மருந்து தெளிக்கலாமா?
*இல்லத்தரசி, தாம்பரம்*

வேண்டாம். அவைதான் மேலே சொன்ன ஸ்பிரிங்டெயில்கள். வயிற்றின் அடியில் மடித்து வைத்திருக்கும் கவைபோன்ற உறுப்பைச் சட்டென்று விடுவித்துத் துள்ளுகின்றன. பூசண இழைகளையும் மக்கும் பொருள்களையும் தின்பவை என்பதால் வளர்ந்த செடிக்குத் தீங்கில்லை. தொட்டியில் ஈரம் மிகுந்திருக்கிறது என்பதற்கு மட்டும் அடையாளம். இவற்றின் உறவான ஃபோல்சோமியா கேண்டிடா, கண்ணில்லாத வெண்ணிறப் பூச்சி. மண்ணின் நஞ்சைச் சோதிக்க உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அதை வளர்க்கிறார்கள். 2011 முதல் அதற்கும் தனி விலகல் சோதனை நெறிமுறை உண்டு.

கேள்வி: நொய்யல் கரையில் எங்கள் நிலம். சாயக்கழிவு பாய்ந்த காலத்தில் மண்புழுவே கண்ணில் படவில்லை. இப்போது கிணற்றடியிலும் எருக்குழியின் பக்கத்திலும் மட்டும் தென்படுகிறது. வயலுக்குள் ஏன் வருவதில்லை?
*விவசாயி, ஒரத்துப்பாளையம் அருகே*

சாயத்தைத் துணியில் ஏற்றப் பெருமளவு உப்பு சேர்க்கப்படுவதால், திருப்பூரின் சாயக்கழிவில் நிறத்தைவிட உப்பே பெரிய தொல்லையாக இருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலம் வரை ஆற்றில் இறங்கிய அந்த உப்பு, நீரோடு வயலுக்கும் வந்தது. மண்புழுவின் தோல் நீரை உள்ளும் வெளியும் விடும் மெல்லிய தோல். மண்ணீரில் உப்பு ஏறினால் உடலின் நீர் வெளியேறத் தொடங்கும். எனவே அது உயிருக்கு ஆபத்து வரும் அளவை மண் எட்டுவதற்கு முன்பே விலகிச் செல்கிறது.

ஆனால் விலகிச் செல்ல ஓர் இடம் வேண்டும் அல்லவா? ஆய்வுக்கூடத் தொட்டியில் மறுபாதியில் தூய மண் காத்திருக்கிறது. கரை முழுவதும் உப்பேறிய நிலத்தில் அப்படி ஒரு மறுபாதி கிடையாது. உங்கள் கிணற்றடியும் எருக்குழியும்தான் அந்த மறுபாதியாக இருந்திருக்கின்றன, அங்கே உப்பு கழுவப்பட்டும் மக்கு நிறைந்தும் இருப்பதால். அவ்விடங்களைக் கலைக்காதீர்கள். அங்கிருந்து வயலை நோக்கி, மூடாக்கும் தொழுவுரமும் இட்டு, மழைநீரைத் தேக்கி வடியவிட்டு, ஒரு பட்டையாக மண்ணைத் தேற்றிக்கொண்டு வாருங்கள். கோடிக்கணக்கில் புழு வாங்கி உப்பு மண்ணில் கொட்டுவதைவிட, இருக்கும் புழுக்கள் தாமே நடந்து வரப் பாதை அமைப்பது நிலைத்து நிற்கும். விற்கப்படும் உரப்புழு எருவில் வாழும் இனம், வயல்மண்ணில் தங்காது.

கேள்வி: மூடாக்குக்கு விரித்த பிளாஸ்டிக் ஷீட் கிழிந்து துகள் துகளாக மண்ணில் கலந்துவிட்டது. சிற்றுயிர்களுக்கு இதனால் என்ன ஆகும்?
*தக்காளி விவசாயி, ஓசூர்*

மிகச் சிறிய உயிர்களுக்கு மண் என்பது இண்டு இடுக்குகள் நிறைந்த வீடு. அந்த இடுக்குகளில் நுண்துகள்கள் சரிந்து நிரம்பிவிட, ஸ்பிரிங்டெயில்கள் நகர முடியாமல் அகப்பட்டுக்கொள்வதைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். அதாவது பிளாஸ்டிக் நஞ்சாக வேலை செய்யுமுன்பே தடையாக வேலை செய்துவிடுகிறது. மண்புழுக்களோ துகள்களை மண்ணோடு விழுங்கியும் உடலில் ஒட்டியும் ஆழத்துக்குக் கொண்டுபோகின்றன. மேலே கிடந்தால் பொறுக்கிவிடலாம், கீழே போன பிறகு முடியாது. ஆகவே ஷீட் நொறுங்கும் பதம் வருமுன், அறுவடை முடிந்ததுமே முழுதாகச் சுருட்டி எடுத்துவிடுவது முக்கியம்.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள். அவற்றின் அதிர்வு மண்ணுக்குள் இருக்கும் புழுக்களைத் தொந்தரவு செய்யுமா?
*ஆசிரியர், ஆரல்வாய்மொழி*

அதிர்வும் ஒரு மாசுதான். நெதர்லாந்தில் காற்றாலைகளைச் சூழ்ந்த வயல்களில் புழுக்களை எண்ணி 2021இல் வெளியான ஆய்வில், தொலைவில் இருந்ததைவிட ஆலைக்கு அருகில் மண்புழுக்கள் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு குறைவாக இருந்தன. மண்புழு அதிர்வுக்கு அஞ்சுவதற்குக் காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் தூண்டில் இரைக்காகப் புழு பிடிப்பவர்கள், நட்டுவைத்த மரக்கட்டையின் தலையில் இரும்புப் பட்டையைத் தேய்த்து மண்ணை அதிர வைப்பார்கள். புழுக்கள் கூட்டமாக மேலே வரும். மண்ணைத் துளைத்து வந்து புழுக்களைத் தின்னும் மோல் என்னும் விலங்கின் அதிர்வென்று எண்ணித்தான் அவை ஓடி வருகின்றன என்று அமெரிக்க உயிரியலாளர் கென்னத் கட்டானியா 2008இல் நிறுவினார்.

மாணவர்களோடு உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் நன்றாக நனைந்த பிறகு, ஒரு காற்றாலையின் அடியிலிருந்து விலகிச் செல்லும் கோட்டில், ஒரே வகைப் பயிரும் ஒரே வகை மண்ணும் உள்ள இடங்களாகப் பார்த்து, ஐம்பது அடிக்கு ஒன்றாக ஓரடிச் சதுரங்களைக் குறியுங்கள். ஒரு லிட்டர் நீருக்குப் பத்துக் கிராம் வீதம் கடுகுத்தூளைக் கரைத்துச் சதுரத்தில் மெல்ல ஊற்றினால், கடுகின் காரம் தோலில் உறைத்துப் புழுக்கள் சில நிமிடங்களில் மேலே வரும். எல்லாச் சதுரங்களிலும் ஒரே அளவு கரைசலும் ஒரே நேரமும் இருக்கட்டும். வந்தவற்றை எண்ணியதும் நல்ல நீரில் அலசிவிடுங்கள். குருணை மருந்தால் வந்தவற்றைப்போல இவை சுருண்டு கிடப்பதில்லை. அலசி நிழலில் விட்டால், உதட்டால் மண்ணைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை நுழைத்து உள்ளே போய்விடும்.